லாய்டு கறுப்பு

— காதை அடைச்சுட்ட, லாய்டு.

— எந்தக் காதை?

— தூண்டில் முள்ளோட காதை. நூலை அது மேலேயே கொண்டுபோய்ச் சுத்தி வச்சிருக்க. மீன் பிடிக்கிறவன் நரம்பை எங்க கோப்பான், உன் மூக்குலயா?

— பிரிச்சுடவா?

— பிளேடு அங்க இருக்கு, காபிக்குப் பக்கத்துல. முதல்லேருந்து கட்டு.

— ஆர்டிஸ், சனிக்கிழமை மீன்பிடி கிளப்புல அத்தனை பேர் முன்னாடி உக்காந்து கட்டணும். என் விரலைக் கேமராவுல பிடிச்சு, சுவர்ல பெருசாக் காட்டுவாங்களாம். என் மானமே போயிடும்.

— போகாம இருக்கத்தானே சாப்பாட்டு மேசையில கோழி இறகு பறக்குது. முள்ளை வைஸ் பிடியில வச்சு இறுக்கு. இன்னும். ம், இப்ப வாலைக் கட்டு. முள்ளோட நீளம் போதும்.

— ஒண்ணு சொல்லட்டுமா, மீனை ஏமாத்த நீ இறகுல கட்டுற இந்த ஈயை, நான் கட்டினேன்னு ஒருநாளும் சொன்னதில்லை.

— இல்லைன்னும் சொன்னதில்லை.

— கிக்கபூ ஆத்துல ஒருத்தன், நீ கட்டினதான்னு கேட்டான். அப்ப பெரிய டிரௌட் மீன் ஒண்ணு தூண்டில்ல துள்ளிக்கிட்டிருந்துச்சு. தலையை ஆட்டுனேன். யாருக்கு ஆட்டுனேன்னு எனக்கே தெரியல.

— மீன் திரும்பித் தண்ணிக்குப் போயிடுச்சு. உன் தலைதான் நிக்கவே இல்லை. இப்ப ஈக்குப் பேரே லாய்டு கறுப்பு.

— உனக்குக் கோவமே வரலியா?

— வந்துச்சு. அப்புறம் அதுல ஒரு சுகமும் இருந்துச்சு. கடை வரிசையில நிக்கும்போது யாராவது உன் ஈயைப் புகழுவாங்க. நான் ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா நிப்பேன். கதவுக்குப் பின்னாடி நின்னு, என்னைப் பத்தி நல்லாப் பேசுறதைக் கேக்கிற மாதிரி.

— இப்ப?

— இப்பக் கால் வலிக்குது. எவ்வளவு நாள்தான் கதவுக்குப் பின்னாடி நிக்கிறது? மயில் தோகையை இழுக்காதே, அறுந்துடும். பூனைக்குட்டியைத் தூக்குற மாதிரிப் பிடி.

— சேவல் இறகை எத்தனை சுத்து சுத்தணும்? கிளப்புல ஈ கட்டுற வெர்ன்கிட்ட நைசா விசாரிச்சேன். அஞ்சுங்கிறான்.

— வெர்ன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறதுக்குக் கட்டுறவன். மீனுக்கு மூணு போதும். முடிச்சைப் போடு. நறுக்கு. எங்க, காட்டு.

— காது தெரியுது.

— தெரியுது. வால் கோணல், உடம்பு குண்டு. அப்படியே உன் சாயல்.

— மீன் கடிக்குமா?

— கடிக்கும். நானே ஏமாந்து உன்னைக் கட்டிக்கிட்டு வரலியா?

— ஆர்டிஸ், ஒரு யோசனை. சனிக்கிழமை கட்டி முடிச்சதும், எழுந்து நின்னு சொல்லிடப்போறேன். இது உன்னோட ஈ, நான் உன்கிட்டக் கத்துக்கிட்டேன்னு.

— கட்டி முடிச்சுட்டா?

— ஆமா. கட்டத் தெரியாம சொன்னா, மாட்டிக்கிட்டுச் சொன்னதாப் போயிடும். கட்டிக் காட்டிட்டுச் சொல்லணும்.

— ம்.

— என்ன வெறும் ம்? உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்.

— இருக்கு. விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்பு.

— எனக்கு ஒண்ணுதான் புரியல. இத்தனை வருஷம் பேசாம இருந்த கிளப்பு, இந்த வருஷம் எதுக்குத் திடீர்னு என்னைக் கூப்பிட்டுச்சு?

— இந்தா, அடுத்த முள். நான்தான் போன் பண்ணி உன் பேரைக் கொடுத்தேன்.