அம்சவேணிக்கு ஒரு சுக்கு டீ

எங்கள் வீட்டில் காலை டீ போடுவது நான்தான். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு நன்றாகக் கொதிக்க வைப்பேன். பெண்டாட்டிக்கு டீ ஆற்றிக் கொடுக்கிற ஒரே ஆம்பளை குமாரவேல்தான் என்று பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அம்சவேணிக்கு அதில் ரொம்பப் பெருமை.

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். நான் உடலை நெய்வேன். அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். என் தோள் அசைந்தால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். "கொயந்தை பொறந்தா நான் தறியில குந்த மாட்டேங்க. அதை மடியில வெச்சிக்கினே இருப்பேன்" என்று ஒருநாள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம்தான் ஏனாத்தூர்ப் பக்கம் போய்க் கருத்தடை மாத்திரை வாங்கினேன். பொடித்துப் போட்டால் சுக்குக் காரத்தில் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது அவள். நான் தடுக்கவில்லை. வயிற்றில் ஊசி குத்தும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில் தொட்டில் கட்டினாள். முடிச்சை நான்தான் இறுக்கினேன். இரண்டு முறை கரு வைத்தார்கள். இரண்டும் தங்கவில்லை. "எனுக்குத்தான் குடுத்து வெக்கல. நீங்க வேற கட்டிக்கோங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. மறுநாள் அவள் டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

பிறகு டாக்டரம்மா அவள் கர்ப்பப்பையின் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"இந்த மாசம் நாங்க எந்த மருந்துமே தரலைம்மா. ஆனா மாத்திரை சாப்பிடறவங்களுக்கு மாதிரி சவ்வு மெலிஞ்சுபோயிருக்கு. கருத்தடை மாத்திரை ஏதாவது எடுத்துக்கறியா?"

அம்சவேணி இல்லையென்று தலையாட்டினாள். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"டீயிலயா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.

ஆமாம் மேடம், கலந்தது நான்தான். அவளை இழந்துவிடக்கூடாது என்றுதான் செய்தேன். இப்போது கூரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். தறியில் புடவை பாதியில் நிற்கிறது. இடப்பக்கம் பார்க்கவே முடியவில்லை. நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொன்னால் வந்துவிடுவாள். சுக்கு தட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன். அவளுக்கான பொடியையும் அதிலேயே கலந்துவிட்டேன்.