முன்னாடி பிறந்தவள்

மந்தைவெளி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் பிளஸ் டூ முடித்த தோழிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ ஏன்டி எனக்கு முன்னாடி பொறந்தே?” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“எங்கம்மாவக் கேளு.”

“எல்லாப் பாடத்துலயும் நமக்கு ஒரே மார்க். அப்படின்னா கவுன்சிலிங்ல வயசுல பெரியவளுக்குத்தான் முதல்ல சீட்டாம். நாம ரெண்டு பேரும் கேக்கற காலேஜ்ல ஒண்ணே ஒண்ணு மிச்சமிருந்தா, நீ போயிடுவே.”

மற்றவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அந்தக் காலேஜை நான் ரெண்டாவது சாய்ஸா போடட்டுமா?”

“போட்டே, கொன்னுடுவேன். வேற எவளாவது எடுத்தா அழுவேன். நீ எடுத்தா, தினமும் உங்க வீட்டுக்கு வந்து திட்டிட்டாவது போவேன்.”

“சாப்பிட்டுட்டுப் போ.”

“அதுவும்தான்.”

நிறுத்தம் வந்ததும் கண்ணாடிக்காரி மற்றவளின் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“வயசுல பெரியவங்க, பாத்து இறங்குங்கக்கா” என்றாள்.