ரெண்டு பைலும் சரி

"ரெண்டு பைலும் சரி ராத்தா. புள்ளையள்தான் தனிய இரிக்கி."

கல்முனையிலிருந்து சம்மாந்துறை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த இளம் பெண் சொன்னாள். சிறுவர் உத்தியோகத்தர் போலும். மடி நிறையக் கோப்புகள். பக்கத்திலிருந்தவர் வயதில் மூத்த ஆசிரியை. அவர் மடியில் திருத்தாத கொப்பிகள்.

"உம்மா எங்க?"

"குவைத்துக்கு வேலைக்குப் போயிட்டா. வெளிநாடு போற உம்மாமார் புள்ளையள ஆரு பார்க்கிற எண்டு எங்களுக்கு எழுதித் தரணுமே; இவ, என்ட புள்ளையளத் தங்கச்சி பார்ப்பா எண்டு எழுதித் தந்தா. பொறகு தங்கச்சியும் போக வந்தா. ஒங்கட புள்ளைய ஆரு பார்க்கிற எண்டு கேட்டன். மூத்தவ, அந்த ராத்தாக்காரி பார்ப்பா எண்டா. அவ அப்ப குவைத்தில இருந்து லீவுல வந்து நிண்டவ. நேர வந்து ஒப்பமும் வெச்சா."

"பொறகு?"

"லீவு முடிய அவவும் திரும்பிப் போயிட்டா."

"வாப்பாமார்?"

"ஒருத்தர் மௌத்து, அடக்கியாச்சு. மத்தவர் ஆழ்கடலுக்குப் போனா கிழமைக்கணக்கா வாறல்ல."

"ரெண்டு பைலையும் ஆரு பார்த்து எழுதின?"

"நான்தான். ஒரு உம்மாக்கு ஒரு பைல். குடும்பத்துக்கெண்டு பைல் இல்லயே ராத்தா."

நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்றுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. இளம் பெண் மடியில் சரிந்த கோப்புகளை அடுக்கினாள்.

"இண்டைக்கு அந்த வீட்ட போனன். ராத்தாக்காரிட பன்னிரண்டு வயசுப் புள்ள, தங்கச்சிட சின்னத இடுப்பில வெச்சிக்கிட்டு வந்து கதவத் தொறந்தா. வீட்டில பெரியாக்கள் ஆரு இரிக்கிற எண்டு கேட்டன்."

"என்ன சொன்னா?"

"என்ட கையில இருந்த பேனைய வாங்கிட்டு, எங்க ஒப்பம் வெக்கிற எண்டு கேட்டா."