ஐந்தாவது ஜன்னல்

எதுவும் எதையும் மறைக்காமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஃபாதர்.

ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூற்று ஐந்தில் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு நோயாளியின் விவரமும் திரையில் ஒரு ஜன்னலாகத் திறக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அவற்றைத் தரையில் கல் பதித்ததுபோல் பக்கம் பக்கமாக அடுக்கும் புரோகிராமை நானே எழுதினேன். “சிங்கராயர், வியாழக்கிழமை சேலத்துல இருந்து இதைப் பாக்க ஆளுங்க வராங்க” என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை நர்ஸ் செல்வமேரி வந்தாள்.

“அண்ணா, அஞ்சாவது ஜன்னல் தொறந்தா எல்லாம் சிறுத்து, கடைசி வரி காணாமப் போயிருதுங்க. நொம்ப ஆபத்துங்க.”

“பாக்கறேன் கண்ணு” என்றேன்.

சரிசெய்ய ஒரு நாளாவது ஆகும் என்று நினைத்தேன். கை வைத்து ஏதாவது கெட்டுப்போனால் வியாழக்கிழமை எதைக் காட்டுவது? அவர்கள் வந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் கிளியூர் முத்தாயியைக் காலில் புண்ணோடு அழைத்துவந்தார்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். அவளுடையது ஐந்தாவது ஜன்னல். எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது அதன் கடைசி வரி. ஊசி போடுமுன் திரையில் சரிபார்ப்பது நர்ஸின் பொறுப்பு. பார்த்துவிட்டுத்தான், டாக்டர் எழுதிக்கொடுத்த அதே ஊசியைச் செல்வமேரி போட்டாள். அரை மணி நேரத்தில் முத்தாயி இறந்துபோனாள். அவள் கணவர் அம்மாசி வெளியே பெஞ்சில், அவளுடைய செருப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் உள்ளே இருந்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சரிசெய்யப் பதினோரு நிமிடம்தான் ஆனது.

டாக்டர் வந்து பார்த்தார். கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது.

“அப்ப தெரியலீங்க டாக்டர். அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள் செல்வமேரி.

“எப்பவும் தெரியற வரிதானுங்க” என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் சேலத்து ஆட்கள் வந்தார்கள். ஐந்து ஜன்னல்களைத் திறந்து காட்டினேன். கை தட்டினார்கள்.

செல்வமேரிக்கு வேலை போனது. வழக்கு நடந்தது, கோர்ட்டிலும் நான் அதையேதான் சொன்னேன். இப்போது அவள் வாழவந்தியில் கூலிக்குப் போகிறாள். பஸ்ஸில் அவளைக் கண்டால் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுகிறேன்.

அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அம்மாசியிடம் சொல்லியிருக்கலாம். இந்தப் பாவமன்னிப்புக் கூண்டில் சொன்னால் நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்துதான், ஃபாதர், உங்களிடம் வந்தேன்.