அரியரட்ணம் அடுக்கிய பீரங்கிப் புத்தகங்கள்

நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல மாட்டேன். இது என் நண்பன் கஜீவனின் சித்தப்பா அரியரட்ணத்துக்கு நடந்தது.

தொண்ணூற்றேழு நவம்பர், இரவு ஒன்பதரை. அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, இரண்டு பக்கமும் மரங்கள் மட்டுமே உள்ள சாலை. எதிரே ஒரு வண்டி இல்லை. பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் அவருக்கு வேலை. செத்துப்போன ஒரு பணக்காரரின் வீட்டிலிருந்த புத்தகங்களை அன்று இரவே பெட்டியில் அடுக்க வேண்டும். காலையில் லாரி வந்துவிடும்.

வீட்டில் யாருமில்லை. சாவி இவரிடம்.

எல்லாம் முந்நூறு, நானூறு வருடத்து ஐரோப்பியப் புத்தகங்கள். பீரங்கியை எவ்வளவு நிமிர்த்தினால் குண்டு எங்கே போய் விழும்... அரசர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாணம் எப்படிச் செய்வது... இரண்டும் ஒரே புத்தகத்தில், அடுத்தடுத்த பக்கங்களில்.

கடைசிப் புத்தகம். படத்தில் ஒருவன் பீரங்கிக்குத் தீ வைக்கிறான். குண்டு போகிற திசையில், தூரத்தில் சின்னதாக ஓர் ஊர்.

அப்போது கேட்டது. மெல்லிய விசில்... உயரத்திலிருந்து இறங்கி வருகிற விசில்.

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஷெல்லடியில் வாழ்ந்த மனிதர். யோசிக்கவே இல்லை. தரையில் குப்புற விழுந்தார். விளக்கு அணைந்தது.

வெடிக்கவில்லை. கந்தக நெடி மட்டும். தொண்டை எரிந்தது.

பிறகு... பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

ஊரில் ஷெல் விழும்போது, பக்கத்தில் கிடப்பவரின் தலையை இவர் கையால் தரையோடு அமுக்கிப் பிடிப்பார். அந்தப் பழக்கத்தில் கை நீண்டது. முடி. சூடு. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தலை, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"தலையைத் தூக்காதை, பிள்ளை... தூக்காதை."

நடுக்கம் மெல்லக் குறைந்தது. குறைந்து... நின்றுவிட்டது.

விளக்கு மறுபடி எரிந்தது. பக்கத்தில் வெறும் தரை.

காரை ஒற்றைக் கையால் ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். மனைவி நேசமலர் கதவைத் திறந்தார்.

"என்னப்பா, கையை ஏன் பொத்திப் பிடிச்சிருக்கிறியள்? விரியுங்கோ பாப்பம்."

"ஏலாது. விட்டனெண்டால் பிள்ளை எழும்பிப்போடும்."

நேசமலர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளே ஒரு கொத்துப் பொன்னிற முடி. நுனி கருகியிருந்தது. வேர்ப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.