நிற்காத டிரோன்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் ராஜதுரை, ஊர் குரும்பலூர். வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் செய்து பெரம்பலூரில் கம்பெனி நடத்துகிறேன். இந்தப் பக்கத்தில் அதை முதலில் செய்தவர் அரியலூர் பாக்யலட்சுமி மேடம். நாலு வருடம் வெயிலில் நின்று பறக்கவிட்டு, உடைத்து, மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதத்தில் அத்தனையும் கற்றுக்கொண்டேன். வரைபடத்தை விரித்து அவரே விளக்குவார். கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. மேசையைப் பூட்டத் தெரியாத கெட்டிக்காரி.

அந்த வரைபடத்தை எடுத்துவந்து அப்படியே செய்தேன். அதே இறக்கை, அதே தொட்டி. ஒன்றைத்தான் விட்டேன். வயலில் ஆள் தென்பட்டால் அவருடைய டிரோன் தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு கருவி, அதற்கே ஒன்றரை வருடம் பாடுபட்டாராம். நின்று நின்று போனால் வேலை எப்போது முடியும் என்று விவசாயிகள் சலித்துக்கொண்டார்கள். என்னுடையது நிற்காது. எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

மேடத்துக்கும் விஷயம் தெரிந்தது. போன் செய்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட, சரி. அந்தக் கருவிய மட்டும் வுட்டுடாத ராஜதுரை."

தோற்றவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

போன வாரம் தா.பழூரில் ஆண்டாயி என்ற அம்மாள் களையெடுத்துக்கொண்டிருந்த வயலில் மருந்தடித்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நீங்கள் விசாரித்தபோது, வடிவமைப்பு முழுக்க மேடத்தோடது என்றேன். அவரைக் கூட்டிவந்து இரண்டு நாள் உட்காரவைத்தீர்கள். அவர் என் டிரோனைத் திருப்பிப் பார்த்து, "இங்க ஒரு கண்ணு இருக்கணும் சார். என் மெஷினா இருந்தா நின்னுருக்கும்" என்றார்.

ஆள் இருந்தது தெரியாதா என்று கேட்கிறீர்கள். திரையில் தெளிவாகத் தெரிந்தார். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். சேற்றில் கால் புதைந்து விழுந்தார். அதற்குப் பிறகும் டிரோன் மூன்று முறை அவர் மேலேயே மருந்தடித்துப் போய் வந்தது. நிறுத்தும் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது.

வரப்பில், என் டிரோனை வாங்கலாமா என்று பார்க்க வந்த பக்கத்து ஊர் விவசாயிகள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறுத்தியிருந்தால், மேடத்தின் டிரோனுக்கும் என்னுடையதற்கும் என்ன சார் வித்தியாசம்?