கறையான் ஊட்டி வளர்த்த வண்டு

அகில உலக அறிவியல் வரலாற்றிலேயே முதன்முறையாக, நம் ஆனைக்கரையில் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. உளுந்தளவு இருக்கும். கறையான் புற்றுக்குள்ளேயே குடித்தனம். கண்டுபிடித்தவன் நான். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், எஸ்.ஐ. சார். மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் பையன்களுக்குத் தவளை எடுத்துக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று இங்கே வந்ததும் ஊர் என்னைப் புரொபசர் என்றது. மறுக்கவில்லை. பிறர் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் வழக்கமல்ல.

அன்னாள் ஏலத்தோட்டத்தில் களை எடுப்பவள். புற்றைக் கொத்தும்போது வண்டை முதலில் பார்த்தது அவள்தான். பார்ப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. இது அவளுக்குப் புரியவில்லை.

"பாருங்க சார், கறையான் இதுக்கு ஊட்டுது. தம் புள்ளைன்னு நெனச்சுக்கிருச்சு. இது என்னடான்னா அதோட குஞ்சுகளையே திங்குது. அப்படியே எங்க சூப்பர்வைசர்!" என்று சிரித்தாள். கடைசி வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு என் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.

"எம் மக சோனா பேரைத்தான சார் வைப்பீங்க?"

வைக்கிறேன் என்றேன். பேச்சு முடிய வேண்டியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பாரிஷ் ஹாலில் எனக்குப் பாராட்டு விழா.

"மகளோட முன்வரிசைல உக்காந்திருப்பேன். வேற பேரு சொன்னீங்க, மைக்கைப் புடுங்கிருவேன் சார்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அறிவியலுக்கு ஒரு தரம் உண்டு; கட்டுரையில் என் பெயரைத்தான் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, புற்றின் வாயில் பாம்பு உரித்த சட்டை கிடந்தது. ஈரம்கூடக் காயவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அன்னாளைக் கூப்பிட்டு, விழாவில் காட்ட உயிருள்ள வண்டு வேண்டும், உள்ளே கைவிட்டு எடு என்றேன். பொய் சொல்லவில்லை. முதல் தடவையே நான்கு வண்டுகள் வந்தன. எனக்கு அது போதும்தான்.

இன்னொரு தடவை விடு என்றேன்.

"சார், கை எரியுது."

நான் பாட்டிலை மூடினேன்.

அவளை ஜீப்பில் ஏற்றியவனும் நானே. அதையும் எழுதுங்கள். நம் ரோடு உங்களுக்குத் தெரியும், வேகமாகப் போனால் தூக்கிப் போடும். வண்டுகள் மென்மையானவை. ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேரப் பாதையை இரண்டு மணி நேரம் ஓட்டினேன். "கொஞ்சம் வெரசாப் போங்க சார்," என்று வழியில் ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

வண்டுகள் நான்கும் உயிரோடு வந்து சேர்ந்தன.

வண்டை அனுப்பிவைத்திருந்த அருங்காட்சியகத்திலிருந்து நேற்று பதில் வந்தது. அந்த வண்டுக்கு நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்களாம்.